செயின் புளொக்கும் லீவர் புளொக்கும்: கையால் பாரம் தூக்குகிறவர்களுக்கு முழுமையான வழிகாட்டி

நான் வேலை பழகியது மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே உள்ள படுவான்கரைப் பக்கத்துக் கராஜ் ஒன்றில். பெரும்போக அறுவடை நேரம் என்றால் வாசலில் மெஷின்கள் வரிசையாக நிற்கும், மாசி மாதம் முழுக்க இரவு பத்து மணி வரை வேலை. அப்படி ஒரு நாள் ரக்டர் எஞ்சின் ஒன்றைக் கழற்றித் தூக்கியபோது கூரையைத் தாங்கும் குறுக்கு மரமான பனை வளை நடுவால் பிளந்து எஞ்சின் கீழே வந்தது. என்னோடு வேலை பழகிய பொடியனின் வலது காலில் இரண்டு விரல்கள் போயின. எஞ்சினைத் தூக்கிய சங்கிலிக் கருவியான செயின் புளொக்குக்கு ஒரு கீறல்கூட இல்லை. அது 2 தொன் புளொக், தூக்கிய எஞ்சின் கால் தொன்னைவிடக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். பிளந்த வளையை எடுத்துப் பார்த்தால் வெளியே பெயின்ற் நன்றாக இருந்தது, உள்ளே கறையான் தின்று கோறையாகிக் கிடந்தது.

அதற்குப் பிறகு இத்தனை வருடமாக எத்தனையோ இடங்களில் பார்த்துவிட்டேன். வாழைச்சேனையில் படகு எஞ்சின் இறக்குகிறார்கள், கல்முனையில் அரிசி ஆலை மோட்டர் மாற்றுகிறார்கள், திருக்கோவில் பக்கம் கிணற்றுக்குள் கொட்டு, அதாவது கொங்கிரீட் வளையம், இறக்குகிறார்கள். எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "புளொக் எத்தனை தொன்?" அது எதில் தொங்குகிறது என்று யாரும் கேட்பதில்லை. ஒற்றை ஆள் கைச்சங்கிலியை இழுக்க அரைத் தொன் மேலே போகிறது, கைக்குப் பாரமே தெரிவதில்லை, அதனால் மேலே உள்ள மரத்துக்கும் பாரம் இல்லை என்று மனம் எண்ணிவிடுகிறது. உண்மையில் மரத்துக்கு முழுப் பாரமும் போகிறது, அதோடு புளொக்கின் எடையும் நீங்கள் கீழ்நோக்கி இழுக்கிற விசையும் சேர்ந்துகொள்கிறது. இந்த வழிகாட்டியில் தொங்கவிடும் இடத்தைப் பற்றி அதிகமாக எழுதியிருப்பது இதனால்தான்.

எந்தக் கருவி எதற்கு

செயின் புளொக் நேராக மேலே தூக்கவும் கீழே இறக்கவும் செய்யப்பட்டது. மேல் கொழுக்கியில் தொங்கும், மெல்லிய கைச்சங்கிலியை இழுத்தால் தடித்த பாரச்சங்கிலி ஏறும். லீவர் புளொக்கில் கைச்சங்கிலிக்குப் பதில் ஒரு கைபிடி இருக்கும், அதை முன்னும் பின்னும் ஆட்டினால் சங்கிலி ஏறும். தூக்கலாம், பக்கவாட்டில் இழுக்கலாம், சேற்றில் புதைந்த மெஷினை எடுக்க இதுதான் வசதி. மூன்றாவது, வயர் ரோப்பைக் கவ்விக் கவ்வி இழுக்கும் டேர்ஃபர் வகை. இவை தவிர, ஹாட்வெயார் கடைகளில் மலிவாக விற்கிற, சின்னச் சக்கரத்தில் மெல்லிய கம்பிக் கயிறு சுற்றிய ரட்செட் இழுவைக் கருவி ஒன்று உண்டு. அது வேலிக்கம்பி இறுக்கவும் இழுக்கவும் மட்டும். அதில் எதையும் தொங்கவிடாதீர்கள்.

எந்தக் கையால் இயக்கும் புளொக்கிலும் ஆளைத் தூக்கக் கூடாது. கிணறு இறைக்கிறவரைக் கொழுக்கியில் கட்டி இறக்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆளை இறக்குவதற்கு வேறு கருவி, வேறு பட்டி, வேறு முறை இருக்கிறது. இதில் இரண்டாம் பேச்சு இல்லை.

உள்ளே இருக்கும் பிரேக்

சங்கிலியை விட்டுவிட்டாலும் பாரம் ஏன் கீழே வராமல் நிற்கிறது என்று விளங்கிக்கொண்டால் பாதிப் பிழைகள் தானாகக் குறையும். உள்ளே உராய்வுத் தட்டுகள் உண்டு, அவற்றின் நடுவே பல் வெட்டிய ஒரு சக்கரம், அதில் விழுந்து தடுக்கும் ஒரு நாக்கு. பாரம் கீழே இழுக்க இழுக்க ஒரு திருகு அந்தத் தட்டுகளை இன்னும் இறுக்கும். அதாவது பாரமே பிரேக்கைப் பிடித்து வைக்கிறது. நீங்கள் தூக்கும்போது கேட்கிற டிக் டிக் சத்தம் அந்த நாக்கு பல்லில் விழுகிற சத்தம். தூக்கும்போது அந்தச் சத்தம் கேட்கவில்லை என்றால், அல்லது ஒருமுறை கேட்டு ஒருமுறை கேட்காவிட்டால், உடனே நிறுத்துங்கள். நாக்கு துருப்பிடித்து ஒட்டியிருக்கலாம், அதன் ஸ்பிரிங் உடைந்திருக்கலாம்.

உராய்வில்தான் நிற்கிறது என்றால் அங்கே எண்ணெய் போகக் கூடாது. "இறுக்கமாக இருக்கிறது" என்று மூடியின் துவாரத்தால் எஞ்சின் ஒயில் ஊற்றுகிறவர்கள் நம் பக்கம் நிறைய. ஊற்றினால் அன்றைக்கு இழுக்க இலேசாக இருக்கும், பாரம் ஏறிய பிறகு மெதுவாக வழுக்கத் தொடங்கும். எண்ணெய் பாரச்சங்கிலிக்கு மட்டும். மூடியைத் திறந்து பிரேக்கைத் துப்பரவு செய்வது அந்த வேலை தெரிந்தவர் செய்ய வேண்டியது, ஏனென்றால் நாக்கையோ தட்டையோ திருப்பிப் போட்டால் புளொக் வெளியே பார்க்கச் சரியாகத்தான் இருக்கும்.

எடையை எண்ணிப் பாருங்கள்

"முந்நூறு கிலோ வரும்" என்று கண்மதிப்பில் சொல்வது போதாது. எஞ்சின், கியர் பொக்ஸ், மோட்டர் என்றால் புத்தகத்திலோ அதில் அடித்த தகட்டிலோ எடை இருக்கும். இல்லாவிட்டால் கணக்குப் போடலாம். கொங்கிரீட் ஒரு கன மீற்றர் ஏறத்தாழ 2400 கிலோ, இரும்பு 7850 கிலோ. 1 மீற்றர் உள்விட்டம், 7.5 சென்றிமீற்றர் சுவர்த் தடிப்பு, 60 சென்றிமீற்றர் உயரம் உள்ள கிணற்றுக் கொட்டு ஒன்றை எடுங்கள். கன அளவு 0.15 கன மீற்றருக்குச் சற்றுக் கூட வரும், எடை ஏறத்தாழ 365 கிலோ. பார்த்தால் இருநூறு கிலோ மாதிரித்தான் தெரியும். கீழே சொல்லப்போகிற கணக்குகளுக்கும் இதே கொட்டையே வைத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். சேற்றில் புதைந்தது, மணலில் இறுகியது, துருப்பிடித்து ஒட்டியது எதையும் இழுக்கும்போது அதன் எடையைவிடப் பல மடங்கு விசை தேவைப்படலாம். வண்டல் மூடிய பம்பைக் கிணற்றிலிருந்து எடுக்கப் போனால், அல்லது ஒரு போல்ட் கழற்ற மறந்த கியர் பொக்ஸைத் தூக்கப் போனால், புளொக் எத்தனை தொன்னுக்கு உரியதோ அத்தனையும் கட்டிய பெல்ட்டுக்கும் வளைக்கும் போய்ச் சேரும். முதலில் தோண்டி, நெம்பி, கழற்றி விடுவியுங்கள். தூக்குவது அதற்குப் பிறகு.

புளொக்கில் அடித்திருக்கும் அளவுதான் எல்லை. நாலு மடங்கு தாங்கும்படி செய்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு கூடுதலாகத் தூக்குகிறவர்கள் உண்டு. அந்த மேலதிக பலம் குலுக்கலுக்கும் தேய்மானத்துக்கும் வைத்தது, உங்கள் அவசரத்துக்கு வைத்ததல்ல. அளவு அழிந்துபோன, தகடு இல்லாத புளொக்கைத் தூக்கும் வேலைக்கு எடுக்கவே வேண்டாம்.

தூக்குவதற்கு முன் பத்து நிமிடம்

கொழுக்கியிலிருந்து தொடங்குங்கள். வாயை மூடும் சின்னத் தாழ்ப்பாள் இருக்க வேண்டும், ஸ்பிரிங் தானாக மூட வேண்டும். கம்பியால் கட்டி வைத்த தாழ்ப்பாள் தாழ்ப்பாள் அல்ல. கொழுக்கியின் வாய் விரிந்திருக்கிறதா என்று பாருங்கள். புதிதாக இருந்தபோதைய அளவைவிட 10 சதவீதம் கூடினால் கழித்துவிடுவது பொதுவான கணக்கு, செய்தவர்கள் அதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பிடியுங்கள். புதிய புளொக் வாங்கிய அன்றே கொழுக்கியின் வாயை அளந்து கராஜ் சுவரிலோ கொப்பியிலோ எழுதி வையுங்கள், பிறகு ஒப்பிட வேறு வழி இல்லை. ஒரு பக்கம் முறுகியிருந்தாலும், வளைவின் உட்புறத்தில் மயிர் போல வெடிப்புத் தெரிந்தாலும் அதோடு சரி. சுத்தியலால் அடித்து வாயை மூடிச் சரிப்படுத்துவது, வெல்டிங் வைப்பது இரண்டும் அந்த இரும்பின் பதத்தைக் கெடுத்துவிடும்.

அடுத்தது பாரச்சங்கிலி. இதில் அவசரம் வேண்டாம். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் துடைத்துவிட்டுக் கண்ணி கண்ணியாகக் கைக்குள் விட்டுப் பாருங்கள். கண்ணி தேய்வது வெளியே அல்ல, ஒன்றோடு ஒன்று தொடும் உள்வளைவில், அதனால் சங்கிலியைத் தளர்த்தி மடக்கினால்தான் தெரியும். 6 மில்லிமீற்றர்க் கம்பியால் செய்த கண்ணி அந்த இடத்தில் 5.4 ஆகிவிட்டால் 10 சதவீதம் போய்விட்டது, சங்கிலியை மாற்ற வேண்டும். நீட்சியையும் அளக்க வேண்டும். பதினொரு கண்ணியைச் சேர்த்து அளந்தால் பிழை குறைவு: ஒரு கண்ணி 18 மில்லிமீற்றர் என்றால் பதினொன்று 198, அது 204ஐத் தொட்டால் 3 சதவீதம் நீண்டுவிட்டது. உங்கள் சங்கிலியின் புதிய அளவு தெரியாவிட்டால் ஒரு வழி இருக்கிறது. கொழுக்கிக்கு எதிர்ப்பக்கம், எப்போதும் பாரம் ஏறாமல் சும்மா தொங்குகிற கடைசிப் பகுதியை அளந்து, அதிகம் வேலை செய்த பகுதியோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நம்மூரில் சங்கிலிக்குப் பெரிய எதிரி உப்பும் மணலும். கல்லடியிலிருந்து பொத்துவில் வரை கடற்கரையோரம் வேலை செய்கிறவர்களுக்கு இதைச் சொல்லத் தேவையில்லை, ஒரு வாரம் வெளியே தொங்கினால் செந்துரு வந்துவிடும். மேல் துருவைத் துடைக்கலாம். குழி விழுந்த துரு என்றால் சங்கிலி போய்விட்டது. மணல் ஒட்டிய சங்கிலிக்கு மேலேயே எண்ணெய் பூசினால் அது அரம் மாதிரி அராவும், ஆகவே முதலில் துடைப்பு, பிறகு மெல்லிய ஒயில். கைச்சங்கிலிக்கு எண்ணெய் வேண்டாம், கை வழுக்கும். அறுந்த கண்ணிக்குப் பதில் போல்ட் போட்டு இணைத்த சங்கிலியை நான் மூன்று இடத்தில் பார்த்திருக்கிறேன். அந்தப் போல்ட் எப்போது அறும் என்பது மட்டும்தான் கேள்வி.

இரண்டு மடிப்புச் சங்கிலியில் கீழ்க்கொழுக்கி தொங்குகிற புளொக் என்றால், கொழுக்கி சங்கிலிக்கு இடையால் புரண்டு சங்கிலி முறுக்கிக்கொள்ளும். கண்ணிகளின் ஒட்டு வரிசை நேராக இருக்கிறதா என்று பார்த்தால் முறுக்குத் தெரியும். கடைசியாக, பாரமில்லாமல் ஏற்றி இறக்கிப் பாருங்கள், சத்தத்தைக் கேளுங்கள்.

எதில் தொங்கவிடுவது

பொதுவாகக் கராஜில் இருப்பது கூரை. கூரையின் வளையும் கைமரமும் ஓட்டையும் தகரத்தையும் காற்றையும் தாங்கப் போட்டவை. அந்தப் பாரம் நீளம் முழுக்கப் பரவி வருகிறது. நீங்கள் நடுவில் ஒரே புள்ளியில் அரைத் தொன்னைத் தொங்கவிடுகிறீர்கள். ஒரே வளையை இரண்டு மடங்கு அகலமான இடத்தில் போட்டால் நடுப்பாரத்தால் வருகிற வளைவு அழுத்தம் இரண்டு மடங்காகும், தொய்வு எட்டு மடங்காகும். பத்தடி அகலத்தில் தாங்கிய மரம் இருபதடியில் தாங்கும் என்று எடுக்க முடியாது. அத்தோடு மரத்தில் கறையான், ஆணித் துவாரம், மழை நனைந்து உளுத்த முனை எல்லாம் இருக்கும். சுத்தியலால் நீளம் முழுக்கத் தட்டிப் பார்க்கலாம், கோறை என்றால் மந்தமாகச் சத்தம் வரும். ஆனால் நல்ல சத்தம் வந்தால் தாங்கும் என்று அர்த்தம் இல்லை, அது தாங்காததைக் கண்டுபிடிக்கும் வழி மட்டுமே.

தென்னங்குற்றியை இரண்டு சுவருக்கு மேலே வைத்துத் தூக்குவது இன்னும் மோசம். தென்னை வெளியே வைரமாகவும் உள்ளே மென்மையாகவும் இருக்கும், உருண்டையான குற்றி சுவர் மேல் உருளும், சுவரின் மேல் வரிக் கற்கள் பெயரும். மரக்கிளையில் தொங்கவிடுவதும் அப்படித்தான். வேம்போ மருதமோ எதுவானாலும் கிளை ஆடும், பாரம் விட்டதும் மேலே உதறும், கிளையின் மூட்டில் உள்ள உளுப்புக் கீழே நின்று பார்த்தால் தெரியாது. வீட்டு முற்றத்தில் ஒரு எஞ்சின்தானே என்று தொடங்குகிற வேலைகள் இவை. அந்த ஒரு எஞ்சினுக்கு முக்காலி போடுங்கள்.

கராஜில் தொடர்ந்து தூக்குகிறவர் என்றால் செலவைப் பார்க்காமல் எச் அயன் (எச் வடிவ இரும்பு பீம்) ஒன்றை நிறுத்திய இரும்புத் தூண்கள் மேல் போட்டுக்கொள்ளுங்கள். அளவை ஹாட்வெயார்க் கடையில் கேட்காமல் கட்டட வேலை தெரிந்த எஞ்சினியரிடம் கணக்குப் போட்டு வாங்குங்கள், அளவை அந்த இரும்பிலேயே பெயின்ற்றால் எழுதுங்கள். புளொக்கை அதில் மாட்ட, பீமைக் கவ்வும் பீம் கிளாம்போ பீமில் ஓடும் ட்ரொலியோ போடலாம். வளைத்த கம்பித் துண்டில் மாட்டக் கூடாது, கம்பி மெதுவாக விரியும். மேல் கொழுக்கியைப் பீமின் விளிம்பில் நேரடியாக மாட்டவும் கூடாது, பாரம் கொழுக்கியின் நுனிக்குப் போகும். கொழுக்கியின் பலம் அடி வளைவில்தான், நுனியில் இல்லை.

முக்காலி என்றால் ஒரே அளவு மூன்று இரும்புக் குழாய், மேலே முழுப் போல்ட்டில் கோத்தது. பாதங்கள் விலகி ஓடுவதுதான் இதில் ஆபத்து. மூன்று பாதங்களையும் சுற்றிச் சங்கிலியால் கட்டுங்கள், கயிறு இழுபட்டு நீளும், சங்கிலி அப்படி நீளாது. பாதத்துக்குப் பாதம் உள்ள தூரம் காலின் நீளத்தில் பாதிக்கும் முக்காலுக்கும் இடையில் இருக்கட்டும். குறுகினால் சரியும், விரிந்தால் கால்கள் வளையும். வாவிக்குக் கிழக்கே, கடற்கரைப் பக்கமான எழுவான்கரை மணலில் ஒவ்வொரு பாதத்துக்குக் கீழும் தடித்த பலகை வையுங்கள், மூன்றும் ஒரே மட்டத்தில் நிற்கிறதா என்று பாரம் ஏற்றியதும் மறுபடி பாருங்கள், ஒரு கால் புதைந்தாலே உச்சி நகரும். கிணற்று வேலையில் பாதங்கள் விளிம்பிலிருந்து தள்ளியே நிற்க வேண்டும், மணல் கிணற்று விளிம்பு பாரம் ஏறியதும் சரியும். முக்காலியில் தொங்கும் பாரத்தைப் பக்கவாட்டில் இழுத்து வேறிடத்தில் வைக்க முயல வேண்டாம். உச்சிக்கு நேர் கீழே தூக்கி, வண்டியையோ பலகையையோ அதற்குக் கீழே கொண்டு வாருங்கள்.

கட்டுவது

புளொக்கின் பாரச்சங்கிலியைப் பொருளைச் சுற்றிக் கட்டி, அதிலேயே கொழுக்கியை மாட்டுவது எல்லா இடத்திலும் நடக்கிற பிழை. கண்ணிகள் மூலையில் வளைந்து கெட்டுவிடும். கட்டுவதற்குத் தனியாகப் பெல்ட்டோ வயர் ரோப்போ சங்கிலியோ வேண்டும். தூக்கும் பெல்ட்டுக்கு நிறம் உண்டு, ஊதா 1 தொன், பச்சை 2, மஞ்சள் 3, சாம்பல் 4, சிவப்பு 5, ஆனாலும் நிறத்தை மட்டும் நம்பாமல் தைத்திருக்கும் அட்டையை வாசியுங்கள். அட்டை இல்லாத, ஓரம் வெட்டுப்பட்ட, வெயிலில் கிடந்து வெளிறி மொறுமொறுத்த பெல்ட்டைக் கழியுங்கள். கூரான விளிம்பில் பெல்ட் படும் இடத்தில் பழைய டயர்த் துண்டையோ சாக்கு மடிப்பையோ வையுங்கள். படகுக் கயிறு, நைலோன் வலைக்கயிறு எதுவும் வேண்டாம், எத்தனை சுற்றுச் சுற்றினாலும்.

இனி, பலர் கவனிக்காத கோணம். 365 கிலோக் கொட்டை இரண்டு காலில், அதாவது கொழுக்கியிலிருந்து பிரிந்து போகும் இரண்டு பெல்ட்டில், கட்டித் தூக்குகிறோம் என்று வையுங்கள். இரண்டும் நேராக மேலே போனால் ஒவ்வொன்றுக்கும் 183 கிலோ. இரண்டுக்கும் இடையில் 60 பாகை விரிந்தால் 211. 90 பாகை விரிந்தால் 258. 120 பாகைக்கு வந்தால் ஒவ்வொரு காலுக்கும் முழு 365 கிலோ போகிறது. 150 பாகையில், அதாவது கயிறு கிட்டத்தட்டப் படுத்துவிட்ட நிலையில், ஒவ்வொன்றுக்கும் 705 கிலோ. கூரை தாழ்வு என்பதால் பெல்ட்டைக் குட்டையாக்கித் தூக்குகிறபோது பெல்ட் அறுவது இதனால்தான். 90 பாகையைத் தாண்ட விடாதீர்கள், 60க்குள் இருந்தால் மனம் நிம்மதி.

வயர் ரோப்பின் நுனியை மடித்துக் காது (மாட்டும் வளையம்) செய்தால் குறைந்தது மூன்று கிளிப். ‘யூ’ வடிவக் கம்பி குட்டை நுனிப் பக்கத்திலும், தட்டையான அடிப்பாகம் பாரம் ஏறும் நீளக் கயிற்றின் பக்கத்திலும் வர வேண்டும். மாற்றிப் போட்டால் பாரம் ஏறும் கயிறு நசுங்கும். முதல் பாரம் ஏற்றிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்குங்கள், கயிறு மெலிந்திருக்கும்.

எஞ்சினைத் தூக்க அதற்கென்று கொடுத்த காதுகள் இருக்கும், அதில் மாட்டுங்கள். புகைக்குழாயிலும் காற்று போகும் மேனிபோல்டிலும் கட்டாதீர்கள், வார்ப்பு உடையும். காது இல்லாவிட்டால் சரியான நூல் அளவுள்ள போல்ட்டை முழு ஆழத்துக்கு ஏற்றித் தகட்டுக் காது வையுங்கள். கொழுக்கிக்குள் இரண்டுக்கு மேல் காது வந்தால் சக்கிள் (குறுக்கே ஊசி போட்டு மூடும் ‘யூ’ வடிவ இரும்பு) ஒன்றில் கோத்து, அந்தச் சக்கிளைக் கொழுக்கியில் மாட்டுங்கள்.

தூக்குவது

சாரத்தோடும் செருப்போடும் இந்த வேலைக்கு நிற்காதீர்கள். வெயிலில் சப்பாத்துப் போடுவது கரைச்சல்தான், ஆனால் நான் முதலில் சொன்ன பொடியன் அன்றைக்குச் செருப்போடு நின்றான். கையுறை நல்லது, நுனி தொங்குகிற துணி எதுவும் உடம்பில் வேண்டாம். பிள்ளைகளையும் வேடிக்கை பார்க்க வந்தவர்களையும் அப்புறப்படுத்துங்கள். யார் சொல்லித் தூக்குவது, யார் சொல்லி இறக்குவது என்று ஒரே ஆளைத் தீர்மானியுங்கள். "நில்" என்ற சொல்லை மட்டும் யாரும் சொல்லலாம், சொன்னதும் நிற்க வேண்டும்.

கொழுக்கி பாரத்தின் ஈர்ப்பு மையத்துக்கு நேர் மேலே வரட்டும். மெதுவாக இழுத்துத் தொய்வை எடுங்கள். கட்டு இறுகியதும் நிறுத்தி மேலேயிருந்து கீழே வரை ஒருமுறை பாருங்கள். பிறகு பத்து சென்றிமீற்றர் மட்டும் தூக்கி நிறுத்துங்கள். இரண்டு மூன்று நிமிடம் கையை எடுத்துவிட்டுப் பாருங்கள்: பாரம் இறங்குகிறதா, சாய்கிறதா, வளை தொய்கிறதா, பாதம் புதைகிறதா, எங்காவது சடசடக்கிறதா. எதுவாவது இருந்தால் பத்து சென்றிமீற்றர் கீழே இறக்கிச் சரிசெய்யலாம். ஆறடி மேலே போன பிறகு தெரிந்தால் ஒன்றும் செய்ய முடியாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் எடுத்துக்கொண்டாலும் எனக்குப் போதும்.

கைச்சங்கிலியை நின்ற இடத்திலிருந்து நேராக இழுங்கள், சாய்த்து இழுத்தால் சக்கரத்திலிருந்து நழுவிச் சிக்கும். 1 தொன் புளொக்கில் முழுப் பாரத்துக்கும் ஏறத்தாழ 30 கிலோ அளவு இழுவை போதும், ஒருவர் கையால் இழுக்கக் கூடியது. ஒருவரால் முடியாமல் இரண்டாவது ஆளைக் கூப்பிடத் தோன்றினால், அதுதான் நிறுத்த வேண்டிய இடம். ஒன்று பாரம் கூட, இல்லாவிட்டால் எங்கோ மாட்டிக்கொண்டிருக்கிறது, இல்லாவிட்டால் புளொக்கில் பழுது. மெதுவாகத்தான் ஏறும், பாரத்தை 1 மீற்றர் உயர்த்தக் கைச்சங்கிலியை 30 மீற்றருக்கு மேல் இழுக்க வேண்டியிருக்கும். அந்த மெதுவைப் பொறுத்துக்கொள்ளுங்கள். கீழ்க்கொழுக்கி புளொக்கின் உடம்பில் முட்டும் வரை ஏற்றவும் வேண்டாம், சங்கிலி முடியும் வரை இறக்கவும் வேண்டாம்.

பாரத்துக்குக் கீழே உடம்பின் எந்தப் பகுதியும் போகக் கூடாது. கையை மட்டும் விட்டு ஒரு வாஷரை எடுக்கிறேன் என்பதும் போவதுதான். சுழலாமல் பிடிக்கப் பாரத்தில் ஒரு கயிறு கட்டித் தூர நின்று பிடியுங்கள். தொங்குகிற பாரத்தை விட்டுவிட்டுச் சாப்பிடப் போகாதீர்கள், இறக்கி வைத்துவிட்டுப் போங்கள். தொங்கும் பொருளில் வெல்டிங் வைக்காதீர்கள், ஏர்த் சரியாக இல்லாவிட்டால் மின்னோட்டம் சங்கிலியால் போய்க் கண்ணிகளைச் சுடும்.

இறக்கும் முன்பே கீழே கட்டைகள் தயாராக இருக்கட்டும். பாரம் கட்டைகளின் மேல் உட்கார்ந்து உறுதியாக நிற்கிறது என்று கண்டபின்தான் கட்டிய பெல்ட்டைத் தளர்த்துங்கள். எஞ்சினுக்குக் கீழே வேலை செய்ய வேண்டும் என்றால் புளொக்கை நம்பிப் படுக்காதீர்கள், ஸ்டாண்ட் வைத்த பிறகு படுங்கள். கிணற்று வேலை செய்கிறவர்களுக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும்: மண்ணெண்ணெய்ப் பம்பைக் கிணற்றுக்குள் இறக்கி ஓட்டினால் அதன் புகை கீழேயே தங்கும். அது பாரம் விழுவதைவிடச் சத்தமில்லாமல் ஆளைக் கொல்லும்.

லீவர் புளொக்கும் டேர்ஃபரும்

கைபிடிக்குக் குழாய் மாட்டி நீட்டாதீர்கள். அந்தக் கைபிடியின் நீளம் புளொக்கின் பலத்துக்கு அளவாக வைத்தது, இரண்டடிக் குழாய் ஒன்று மாட்டினால் 1 தொன் புளொக்கில் 2 தொன் விசை ஏறுவது உங்களுக்கே தெரியாது. சங்கிலியைக் கையால் சுதந்திரமாக இழுக்கிற நிலைக்கு மாற்றும் திருகைப் பாரம் இருக்கும்போது தொடக் கூடாது. வயலில் புதைந்த மெஷினை இழுக்கும்போது கயிற்றின் நேர்கோட்டில் யாரும் நிற்க வேண்டாம், அறுந்தால் அது சவுக்கு மாதிரித் திரும்பி வரும். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கு ஒன்றைப் போட்டுவிட்டால் அந்த வேகம் கொஞ்சம் அடங்கும்.

டேர்ஃபரின் கைபிடியில் பாரம் கூடினால் தானாக அறும் சின்ன ஊசிகள் உண்டு. அறுந்துவிட்டால் அந்த இடத்தில் இரும்பு ஆணியை அடித்துவிட்டு வேலையைத் தொடர்கிறார்கள். அந்த ஊசி அறுவதுதான் உங்களுக்குக் கிடைக்கிற ஒரே எச்சரிக்கை. இரண்டு மேலதிக ஊசியை எப்போதும் பெட்டியில் வையுங்கள், ஆனால் ஏன் அறுந்தது என்று பார்க்காமல் போடாதீர்கள்.

நடுவில் சிக்கினால், யாருக்காவது பட்டால்

பாரம் மேலே இருக்கும்போது புளொக் இறுகி அசையாவிட்டால் சுத்தியலால் அடிக்க வேண்டாம். முதலில் கீழே கட்டை அடுக்கிப் பாரத்துக்கு இடம் கொடுங்கள், பிறகு இன்னொரு நல்ல புளொக்கைத் தனியான இடத்தில் தொங்கவிட்டுப் பாரத்தை அதற்கு மாற்றுங்கள். ஆள் நசுங்கிவிட்டால் 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். இரத்தம் ஓடினால் சுத்தமான துணியை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டே இருங்கள், பார்க்கிறதற்காக எடுத்து எடுத்துப் பார்க்க வேண்டாம்.

வேலை முடிந்த பிறகு

துடைத்து, ஒயில் பூசி, உள்ளே காய்ந்த இடத்தில் தொங்கவிடுங்கள். மணல் தரையில் போட்டு வைத்தால் அடுத்த மாரி முடிவதற்குள் புளொக்கைக் கழிக்க வேண்டி வரும். 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கத் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் தூக்கும் கருவிகளைத் தகுதியானவர் குறித்த காலத்துக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்கிறது. சின்னக் கராஜ் என்றாலும் ஒரு கொப்பியில் திகதி, கொழுக்கி அளவு, பதினொரு கண்ணி அளவு மூன்றையும் எழுதிக்கொண்டு வாருங்கள். வருடத்துக்கு ஒருமுறை தெரிந்தவரிடம் பிரேக்கைத் திறந்து பார்க்கக் கொடுங்கள்.

பழைய புளொக் வாங்குகிறவர்கள் சங்கிலியின் நீட்சியை அளந்து பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள், புதுப் பெயின்ற் அடித்த புளொக் என்றால் இன்னும் கவனம். கழித்த சங்கிலியையும் கொழுக்கியையும் மூலையில் எறிந்து வைக்க வேண்டாம், அவசரத்தில் யாராவது எடுத்து மாட்டுவார்கள். கட்டிங் டிஸ்க்கால் இரண்டு மூன்று துண்டாக வெட்டிப் பழைய இரும்புக்குப் போட்டுவிடுங்கள்.